ஒரு லிட்டர் எண்ணெயும் ஒரு குலுக்கலும்

2018 ஜூன் மாதம் ஒரு காலையில் அப்பா கைபேசியை என்னிடம் நீட்டினார். "பாரு, அந்த ஆலிவ் எண்ணெய் ஆராய்ச்சியை வாபஸ் வாங்கிட்டாங்களாம். அஞ்சு வருஷமா இதைப் போய் நம்பியிருக்கோம்."

அப்பாவுக்கு சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. ஆலிவ் எண்ணெய் சேர்த்த உணவு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கும் என்றது அந்த ஆராய்ச்சி. 2013இல் அதைப் பற்றிப் படித்த சித்தப்பா, துபாயிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் அண்ணனுக்கென்று ஒரு டின் ஆலிவ் எண்ணெய் கொண்டு வருவார். அப்பா அதை இட்லிப் பொடியில் ஊற்றிச் சாப்பிடுவார். அந்த வாசனை பிடிக்கவில்லை என்றாலும் மருந்து மாதிரி நினைத்துச் சாப்பிட்டார். அன்று சாயங்காலம் டீக்கடையிலிருந்து நாலு பஜ்ஜி பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். "இன்னைக்கு ஒண்ணு சொல்றாங்க, நாளைக்கு மாத்திச் சொல்றாங்க. எது பிடிக்குதோ அதைச் சாப்பிட்டுட்டுப் போவோம்" என்றார்.

எனக்கு அது மனதை உறுத்தியது. ஒரு ஆய்வின் மேல் வந்த சந்தேகம், ஒரே நாளில் நடைப்பயிற்சி, கீரை, உப்புக் குறைப்பு என்று எல்லாவற்றின் மேலும் வந்துவிட்டது. நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக் கொடுப்பவள். இதைப் படித்து அவருக்கு விளக்கவில்லை என்றால் நான் படித்ததற்கு என்ன பொருள் என்று தோன்றியது. 2013இல் வந்த கட்டுரையையும் 2018இல் வந்ததையும் அச்செடுத்து, பக்கத்துப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படித்தேன். அதில் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆய்வு எப்படி நடந்தது

ஆய்வின் பெயர் பிரெடிமெட். ஸ்பெயினில் 11 மையங்களில் நடந்தது. பார்சிலோனாவைச் சேர்ந்த மருத்துவர் ரமோன் எஸ்ட்ரூச் தலைமையில், 2003 அக்டோபரில் ஆள் சேர்க்கத் தொடங்கி 2009 ஜூனில் முடித்தார்கள். மொத்தம் 7447 பேர். ஆண்களில் 55 முதல் 80 வயது, பெண்களில் 60 முதல் 80. சேரும்போது யாருக்கும் இதய நோயோ பக்கவாதமோ இல்லை. ஆனால் வருவதற்கு வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள்: சர்க்கரை நோய் இருக்க வேண்டும், இல்லையென்றால் புகை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, உடல் பருமன், குடும்பத்தில் இதய நோய் போன்றவற்றில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். அதாவது, அப்பா மாதிரியான ஆட்கள்.

யார் எந்தக் குழு என்று சீட்டுப் போட்டு எடுப்பது மாதிரி, குலுக்கல் முறையில் அவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கு மத்தியதரைக்கடல் உணவுமுறை: காய்கறி, பழம், பருப்பு வகை, மீன் நிறைய, சிவப்பு இறைச்சியும் இனிப்பும் குளிர்பானமும் குறைவாக. இதில் ஒரு குழுவுக்குக் குடும்பத்துக்கு வாரம் ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் இலவசம். இன்னொரு குழுவுக்குத் தினம் 30 கிராம் கொட்டைப் பருப்பு இலவசம்: வால்நட் 15 கிராம், பாதாம் 7.5, ஹேசல்நட் 7.5. மூன்றாவது குழுவிடம் எல்லா வகைக் கொழுப்பையும் குறைக்கச் சொன்னார்கள். அந்தக் குழுவுக்கு உணவுப் பொருள் எதுவும் இல்லை. வேறு சின்னச் சின்ன அன்பளிப்புகள் மட்டும்.

பலன் தெரிகிறது என்று ஆய்வைக் கண்காணித்த நிபுணர் குழு பரிந்துரைத்ததால் 2011இல் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அதற்குள் சராசரியாக 4.8 ஆண்டுகள் கடந்திருந்தன. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் மூன்றையும் சேர்த்து எண்ணினால் எண்ணெய்க் குழுவில் 2543 பேரில் 96, கொட்டைப் பருப்புக் குழுவில் 2454 பேரில் 83, கொழுப்புக் குறைப்புக் குழுவில் 2450 பேரில் 109. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க மருத்துவ இதழில் 2013 பிப்ரவரியில் இணையத்திலும் ஏப்ரலில் அச்சிலும் கட்டுரை வந்தது. ஆபத்து ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு என்று உலகம் முழுக்கச் செய்தி ஆனது.

இதில் குலுக்கல் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். உணவைப் பற்றி நாம் படிக்கும் செய்திகளில் பெரும்பாலானவை, "நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, சில ஆண்டு கழித்து யாருக்கு நோய் வந்தது என்று பார்த்த ஆய்வுகளிலிருந்து வருபவை. போன மாதம் எத்தனை தடவை கீரை சாப்பிட்டோம் என்று நம்மிடம் கேட்டால் நமக்கே சரியாகச் சொல்ல வராது. அப்புறம், தினமும் வால்நட் வாங்கிச் சாப்பிடக்கூடியவர் பெரும்பாலும் வசதியானவர், மருத்துவரை ஒழுங்காகப் பார்ப்பவர், காலையில் நடப்பவர். அவருக்கு மாரடைப்பு வரவில்லை என்றால் காரணம் வால்நட்டா, வசதியா என்று பிரிக்க முடியாது. குலுக்கிப் போட்டு ஆளைப் பிரித்தால்தான் வசதி, பழக்கம், பரம்பரை, நமக்குத் தெரியாத இன்னும் பல விஷயங்கள் எல்லாக் குழுவிலும் ஏறக்குறைய சமமாகப் பரவும். அதற்கப்புறம் வரும் வித்தியாசத்துக்கு உணவைக் கை காட்டலாம்.

பிரெடிமெட் ஆட்கள் இன்னொரு படி மேலே போனார்கள். 137 உணவுகளைப் பற்றிய கேள்வித்தாளை மட்டும் நம்பாமல், சிலரது சிறுநீரில் ஆலிவ் எண்ணெயின் தடயத்தையும் ரத்தத்தில் வால்நட்டின் தடயத்தையும் சோதித்தார்கள். கொடுத்ததை நிஜமாகவே சாப்பிட்டிருக்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. உணவு ஆய்வுகளில் இவ்வளவு மெனக்கெடுவது அபூர்வம். அதனால்தான் எல்லோரும் இதை அவ்வளவு நம்பினார்கள்.

இங்கிலாந்திலிருந்து வந்த கேள்வி

ஜான் கார்லைல் என்பவர் இங்கிலாந்தின் டோர்பே மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர். 2017இல் அவர் 5087 மருத்துவச் சோதனைகளின் முதல் அட்டவணையை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டார். ஒவ்வொரு குழுவிலும் சராசரி வயது என்ன, உயரம் என்ன, எடை என்ன என்று ஆய்வு தொடங்கும்போது எடுத்த விவரம் அந்த அட்டவணையில் இருக்கும். நிஜமான குலுக்கல் என்றால் குழுக்களுக்கு நடுவே கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், ரொம்ப இருக்காது. நூறு தடவை காசைச் சுண்டினால் சரியாக ஐம்பது தலை விழுவதும் அரிது, எண்பது தலை விழுவது அதைவிட அரிது அல்லவா, அந்த மாதிரி. அளவுக்கு மீறி ஒன்றுபோல் இருந்தாலும் அளவுக்கு மீறி வேறுபட்டாலும் எங்கோ குலுக்கலில் கோளாறு.

அவர் பட்டியலில் அந்த அமெரிக்க இதழில் வந்த சோதனைகளும் இருந்தன. இதழின் ஆசிரியர் குழு சந்தேகத்துக்குரிய 11 கட்டுரைகளை எடுத்து ஆராய்ந்தது. சிலவற்றில் புள்ளியியல் சொல் மாறி அச்சாகியிருந்தது, அவ்வளவுதான். பிரெடிமெட் மட்டும் வேறு மாதிரி. எஸ்ட்ரூச்சும் நவார்ரா பல்கலைக்கழகத்தின் மிகேல் ஆங்கெல் மார்டினெஸ் கொன்சாலெஸும் மற்றவர்களும் பழைய பதிவேடுகளை மறுபடி புரட்டினார்கள். மூன்று விஷயங்கள் வெளியே வந்தன.

ஒரு மையத்தில், ஆளாளுக்குக் குலுக்காமல் ஒரு சுகாதார நிலையத்தில் சேர்ந்த எல்லோரையும் ஒரே குழுவில் போட்டிருந்தார்கள். காரணத்தை ஆய்வாளர்களே பின்னாளில் சொன்னார்கள். சின்ன ஊர், பக்கத்து வீட்டுக்கு விலை உயர்ந்த எண்ணெய் இலவசமாக வருகிறது, தனக்கு வரவில்லை என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அங்கிருந்த மருத்துவர் ஊருக்குள் மனத்தாங்கல் வேண்டாம் என்று எல்லோருக்கும் ஒன்றையே கொடுத்துவிட்டார். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. ரேஷன் கடையில் ஒரு தெருவுக்கு மட்டும் இலவசப் பொருள் கொடுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஆனால் கணக்கில் அந்த இரக்கத்துக்கு விலை உண்டு. ஒரே ஊரில் இருப்பவர்களுக்கு மருத்துவர் ஒருவர், சந்தை ஒன்று, வேலையும் பெரும்பாலும் ஒன்று. அவர்களை நூறு தனித்தனி ஆட்கள் என்று எண்ணக் கூடாது.

இரண்டாவது விஷயம் வீடு. கணவர் முதலில் சேர்ந்து, பிறகு மனைவியும் சேர்ந்தால், மனைவியைத் தனியாகக் குலுக்காமல் கணவரின் குழுவிலேயே வைத்திருந்தார்கள். வேறு எப்படிச் செய்ய முடியும்? ஒரே அடுப்பு, ஒரே சட்டி. அவருக்கு எண்ணெய் ஊற்றிய காய், இவருக்குக் கொழுப்பு குறைத்த காய் என்று இரண்டு சமையல் எந்த வீட்டிலும் நாள்பட நடக்காது. சாப்பாடு என்பதே வீட்டோடு சேர்ந்த காரியம்; மாத்திரை மாதிரி ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கும் பொருள் இல்லை. ஆய்வாளர்கள் செய்தது நடைமுறைக்குச் சரி. தவறு எங்கே என்றால், 2013 கட்டுரையில் இதைச் சொல்லாமல், எல்லோரையும் தனித்தனியாகக் குலுக்கியது போலவே கணக்குப் போட்டார்கள்.

மூன்றாவது, இன்னொரு மையத்தில் குலுக்கல் அட்டவணையைச் சீராகப் பின்பற்றியதாகத் தெரியவில்லை.

வாபஸ், அதே நாளில் மறுபிரசுரம்

2018 ஜூன் 13 அன்று பழைய கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அதே நாளில், அதே இதழில், திருத்திய கணக்கோடு புதிய கட்டுரையும் வந்தது. அப்பாவின் கைபேசிக்கு வந்தது செய்தியின் முதல் பாதி மட்டும்.

கொழுப்புக் குறைப்புக் குழுவின் ஆபத்தை 1 என்று வைத்தால், புதிய கணக்கில் எண்ணெய்க் குழுவின் ஆபத்து விகிதம் 0.69, முன்பு 0.70. கொட்டைப் பருப்புக் குழுவுக்கு முன்பும் 0.72, இப்போதும் 0.72. குலுக்கலில் சந்தேகம் உள்ள 1588 பேரை முழுக்க நீக்கிவிட்டுப் பார்த்தாலும் முடிவு ஏறக்குறைய அதேதான். எண் பெரிதாக மாறவில்லை. மாறியது வாசகம். பழைய கட்டுரை, இந்த உணவு நோயைக் "குறைத்தது" என்று முடித்திருந்தது. புதியது, இந்தக் குழுக்களில் நோய் "குறைவாக இருந்தது" என்று மட்டும் சொல்கிறது. தமிழில் படிக்க இரண்டும் ஒன்று போலத் தோன்றும். முதலாவது காரணத்தைச் சொல்கிறது. இரண்டாவது கண்ணால் கண்டதைச் சொல்கிறது. அந்த ஒரு வினைச்சொல் மாற்றத்தில்தான் மொத்த விவகாரமும் இருக்கிறது.

வாபஸ் என்றதும் மோசடி என்று நினைத்துவிட வேண்டாம். யாரும் எண்ணை இட்டுக்கட்டவில்லை. தங்கள் தவறைத் தாங்களே தோண்டி எடுத்து, 7447 பேரின் கணக்கையும் மறுபடி போட்டு, அதே இதழில் வெளியிட்டார்கள். எனக்கு இது நம்பிக்கை தரும் செயல்தான்.

ஆனாலும் நான் இந்த ஆய்வை முழுக்க ஏற்கவில்லை, அதற்குக் காரணம் குலுக்கல் மட்டும் இல்லை. கொழுப்புக் குறைப்புக் குழுவுக்கு முதல் மூன்று ஆண்டுகள் வருடத்துக்கு ஒரு துண்டுப் பிரசுரம்தான் கிடைத்தது; மற்ற இரு குழுக்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உணவு ஆலோசகரின் சந்திப்பு. 2006இல்தான் இதைச் சரிசெய்தார்கள். அந்தக் குழு கொழுப்பைப் பெரிதாகக் குறைக்கவும் இல்லை. மொத்தச் சக்தியில் 39 சதவீதமாக இருந்தது 37 ஆனது. ஆக, இந்த ஆய்வு நிஜமான கொழுப்புக் குறைப்பு உணவோடு மோதவே இல்லை. பாதியில் விலகியவர்களும் அந்தக் குழுவில்தான் அதிகம்: 11.3 சதவீதம், மற்ற இரண்டில் 4.9. விலகியவர்களுக்குப் பின்னால் என்ன ஆனது என்பது முழுமையாகக் கணக்கில் வராது. இலாபம் தெரிகிறது என்று முன்கூட்டியே நிறுத்திய சோதனைகள் அந்த இலாபத்தைக் கொஞ்சம் பெரிதாகக் காட்டும் என்பதும் தெரிந்த விஷயம்.

இன்னொன்று, பலன் பெரும்பாலும் பக்கவாதத்தில்தான் தெரிந்தது. மாரடைப்பை மட்டும் தனியாக எடுத்தால் உறுதியான வித்தியாசம் இல்லை. எல்லாக் காரணங்களாலும் வந்த மரணத்தை எண்ணினாலும் இல்லை.

30 சதவீதம் என்ற எண்ணை அப்பாவுக்கு இப்படிப் பிரித்துச் சொன்னேன். ஆயிரம் பேர் ஒரு வருஷம் கொழுப்புக் குறைப்புக் குழுவில் இருந்தால் சுமார் 11 பேருக்குப் பிரச்சினை வந்தது. ஆலிவ் எண்ணெய்க் குழுவில் சுமார் 8 பேருக்கு. ஆயிரத்தில் மூன்று பேர் தப்பித்தார்கள். "மூணு பேர்தானா?" என்று கேட்டார். மூன்று பேர் ஒரு வருஷத்துக்கு. ஒரு நாடு முழுக்க என்றால் அது மிகப் பெரிய எண். ஒரு மனிதருக்கு என்றால், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அந்த வருஷம் ஒன்றும் ஆகாமல் போவதற்கே வாய்ப்பு மிக அதிகம். இரண்டும் உண்மை.

2022இல் ஸ்பெயினின் கோர்டோபா நகரத்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது, கோர்டியோபிரெவ் என்று. ஏற்கனவே இதய நோய் உள்ள 1002 பேர், ஏழு ஆண்டுகள். இங்கே எதிர்க்குழு நிஜமாகவே கொழுப்பைக் குறைத்தது, இரு குழுவுக்கும் கவனிப்பும் சமம். ஆலிவ் எண்ணெய் சேர்த்த மத்தியதரைக்கடல் உணவுக் குழுவில் 87 பேருக்கும் மற்றதில் 111 பேருக்கும் மறுபடி பாதிப்பு வந்தது. பிரெடிமெட் காட்டிய திசையிலேயே இதுவும் போகிறது. நான் இன்றைக்கு அந்த உணவுமுறையை ஓரளவு நம்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எதற்குப் பதிலாக?

இவ்வளவு படித்தபின் எனக்கு ஒரு கேள்வி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. எதற்குப் பதிலாக? வயிற்றின் அளவு மாறாது. ஒன்றை அதிகம் சாப்பிட்டால் இன்னொன்று குறையும். பிரெடிமெட்டில் ஆலிவ் எண்ணெய்க்குப் போட்டி கடலை எண்ணெய் இல்லை, நல்லெண்ணெயும் இல்லை. இட்லிப் பொடியில் நல்லெண்ணெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெய் ஊற்றினால் பக்கவாதம் குறையுமா என்று அந்த ஆய்வு கேட்கவே இல்லை. ஆலிவ் எண்ணெய் தனியாக வேலை செய்ததா, அதை ஊற்றிக்கொண்டதால் கூடுதலாக இறங்கிய காய்கறியும் கொண்டைக்கடலையும் வேலை செய்தனவா என்றும் அதிலிருந்து பிரிக்க முடியாது.

கொழுப்பின் கூறுகளைப் பார்த்தால் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் ஆலிவ் எண்ணெய்க்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. நிறைவுறாக் கொழுப்புதான் அவற்றில் பெரும்பங்கு. பாமாயிலும் வனஸ்பதியும் தேங்காய் எண்ணெயும்தான் வேறு பக்கம். ஆகவே சித்தப்பாவின் டின் வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அது கெடுதல் என்பதால் இல்லை. நம் வீட்டில் அது எதையும் பெரிதாக மாற்றவில்லை என்பதால்.

குடிப்பதைப் பற்றியும் அந்த ஆய்வில் ஒரு வரி உண்டு. சாப்பாட்டோடு ஒயின் குடிப்பது பட்டியலில் இருந்தது, ஆனால் ஏற்கனவே பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். குடிக்காதவரைத் தொடங்கச் சொல்லவில்லை. கைபேசிச் செய்திகளில் இந்த இரண்டாம் பகுதி எங்கோ உதிர்ந்துவிடுகிறது. அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லதா என்று குலுக்கல் முறையில் சோதிக்க அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். 7800 பேரைச் சேர்க்கத் திட்டம். மது நிறுவனங்களிடம் பணம் கேட்ட விதமும் ஆய்வை வடிவமைத்த விதமும் சரியில்லை என்று விசாரணையில் தெரிந்ததும், தேசிய சுகாதார நிறுவனமே அதை நிறுத்தியது. நிறுத்திய நாள் 2018 ஜூன் 15, பிரெடிமெட் வாபஸுக்கு இரண்டு நாள் கழித்து. அந்தக் கேள்விக்குக் குலுக்கல் மூலம் பதில் வராமலே போனது. பதில் வராத இடத்தில், குடிக்காதவர் அப்படியே இருப்பதால் இழப்பு ஒன்றும் இல்லை. அப்பா குடிக்காதவர், அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் அதோடு முடிந்தது.

எங்கள் வீட்டுக் கணக்கு

ஒரு மாதம் எண்ணெயை அளந்து பார்த்தோம். அம்மா முதலில் சிரித்தார், பிறகு அவரே ஆர்வமாகிவிட்டார். டின்னிலிருந்து எவர்சில்வர் தூக்குக்கு மாற்றும்போதெல்லாம் காலண்டரில் குறித்தார். மூன்று பேருக்கு மாதம் நாலரை லிட்டர் ஆனது. ஸ்பெயினில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த வாரம் ஒரு லிட்டருக்கும் இதற்கும் ஏறக்குறைய ஒரே அளவு! ஆனால் அது போன இடம் வேறு. அங்கே எண்ணெய் காய்கறி மேலும் பருப்பு மேலும் விழுந்தது. இங்கே அப்பளம், வாழைக்காய் வறுவல், ஞாயிற்றுக்கிழமை பூரி. பொரித்த எண்ணெயை அம்மா மூடி வைத்து, மறுநாள் தாளிக்கவும் எடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவிடம் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. "ஆறின எண்ணெயை மட்டும் திரும்ப எடுக்க வேண்டாம்மா" என்றேன். "அப்ப பூரியை மாசம் ஒரு தடவைன்னு வச்சுக்குவோம், எண்ணெயை எதுக்கு வீணாக்கணும்" என்று அவரே முடிவு செய்தார். காயைக் கூட்டினார், சோற்றைக் கொஞ்சம் குறைத்தார். சாயங்காலத்துக்கு ஒரு பிடி வேர்க்கடலை, அவித்தது. தராசில் வைத்தால் 30 கிராம். பிரெடிமெட்டில் வேர்க்கடலை இல்லை என்று அப்பாவிடம் தெளிவாகவே சொன்னேன். வேர்க்கடலையை நான் அந்த ஆய்வின் பேரில் கொடுக்கவில்லை, பஜ்ஜிக்குப் பதிலாகக் கொடுத்தேன்.

போன தீபாவளிக்கு சித்தப்பா வந்தபோது, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைத் தினம் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி குடித்தால் கொழுப்பு கரையும் என்று ஒரு வீடியோவைக் காட்டினார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "எத்தனை பேரை வச்சுப் பாத்தாங்களாம்? அவங்க அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டுட்டு இருந்தாங்க?"

சித்தப்பா வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். அதில் அது இல்லை.